பேட்டரியை மாற்றும் முன் செயினைப் பாருங்கள்

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் விளை. ரப்பர், பலா, ஊடே கொஞ்சம் தென்னை. 36 வோல்ட், 14 இஞ்ச் பேட்டரி செயின் சா வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காற்றில் விழுந்த ரப்பரைத் துண்டு போட முன்பு ஒரு சார்ஜ் போதும். இப்போது பாதி வேலையிலேயே இறங்கிவிடுகிறது. மெஷின் சூடாகி நிற்கிறது, புகை வாசமும் வருகிறது. பேட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். புகை வாசம் வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செயினைத்தான். மழுங்கிய செயினும், எண்ணெய் ஏறாத பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மோட்டாரை அதிகக் கரன்ட் இழுக்க வைக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்குவதும், சூடேறி மெஷின் தானாக நிற்பதும் அதனால்தான்.

ஒரு கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 144 வாட்-ஹவர். அறுக்கும்போது மோட்டார் 1,000 வாட் இழுத்தால் எட்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இது மரத்தில் பல் பிடித்திருக்கும் நேரம் மட்டும். அதனால் செயின் கொஞ்சம் மழுங்கினாலும் அறுபடும் துண்டுகளின் எண்ணிக்கை உடனே குறையும்.

எதைத் தொடுவதானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் சத்தமே எச்சரிக்கும். இது சத்தமில்லாமல் நிற்கும். சுவிட்சில் விரல் பட்டால் அந்த நொடியே செயின் சுற்றும்.

இனி அறுத்த தூளைப் பாருங்கள். கூரான செயின் பச்சை மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மாவாகக் கொட்டினாலோ, நீங்கள் அழுத்தித்தான் இறக்க வேண்டியிருந்தாலோ அரம் போடும் நேரம் வந்துவிட்டது. விழுந்த மரத்தை மண்ணோடு கிடத்தி அறுக்கும்போது செயின் ஒரே ஒருமுறை தரையில் பட்டாலும் கூர் போய்விடும். தென்னையின் வெளிச்சுற்றும் பல்லைச் சீக்கிரம் தின்னும்.

பாரிலோ செயின் பெட்டியிலோ செயின் அளவு 3/8 எல்பி என்று இருந்தால் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் வாங்குங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் அடையாளம் வைத்துத் தொடங்குங்கள். 30 டிகிரி சாய்வில், பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அரம் உராய வேண்டும்; பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லுக்கு மூன்று நான்கு தள்ளு போதும், ஆனால் எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பற்கள் நீளம் குறைந்தால் அறுப்பு வளைந்து ஓடி, பார் மரத்துக்குள் சிக்கும். நாலு தடவைக்கு ஒருமுறை, பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் தேயுங்கள். பல் நுனிக்கும் அந்த மேட்டுக்கும் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தில் இறங்காது.

அடுத்தது எண்ணெய். உங்கள் ஊரில் பெரிய தொல்லை ரப்பர் பால். அது தூளோடு சேர்ந்து, பாரின் ஓரத்தில் செயின் ஓடும் பள்ளமான காடியிலும் எண்ணெய்த் துளையிலும் உறைந்து அடைத்துவிடும். மூடியைக் கழற்றி, பாரை எடுத்து, காடியைப் பழைய ஹாக்ஸா பிளேடால் சுரண்டுங்கள். துளையில் மெல்லிய கம்பி விடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் ஊற வைத்தால் பால் இளகும். பிளாஸ்டிக் உடம்பில் மட்டும் அது படவேண்டாம். திரும்பப் பூட்டும்போது பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும். பிறகு வெள்ளை அட்டைக்கு நான்கு விரற்கடை மேலே நுனியைப் பிடித்துப் பத்துப் பதினைந்து நொடி ஓட்டுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

தொட்டியில் பார் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குப் புது எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில் ஊற்றலாம். வண்டியில் வடித்த பழைய ஆயில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பைக் கெடுக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் ஊற்றினால், மார்கழிக் காலையில் உறைந்து பம்பை அடைக்கும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணெயையும் நிரப்புங்கள்.

செயின் இறுக்கத்தை ஆறிய பிறகே பாருங்கள். பாரின் அடியில் நடுவே இழுத்தால் உள்பற்கள் காடியை விட்டு வெளியே வரக்கூடாது. கையுறை போட்ட கையால் செயினைத் தள்ளினால் தடையில்லாமல் ஓட வேண்டும். சூட்டில் இறுக்கிவிட்டு அப்படியே வைத்தால், ஆறும்போது செயின் சுருங்கி பாரையும் பேரிங்கையும் நெரிக்கும்.

இரண்டு முனையும் தாங்கிக் கிடக்கும் தடியை மேலிருந்து முழுக்க அறுக்காதீர்கள். மேல்பக்கம் நெருக்குவதால் பார் சிக்கி, மோட்டார் திணறி, பேட்டரி காலியாகும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுங்கள். பார் நுனியின் மேல்பாதி எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும்.

இத்தனையும் செய்த பிறகு, முழு சார்ஜில் கையளவு பருமனுள்ள ஒரே தடியைத் துண்டு போட்டுப் பாருங்கள். பழைய எண்ணிக்கை வந்தால் பேட்டரியில் கோளாறில்லை. சார்ஜ் காட்டும் நாலு விளக்கும் எரிந்த பேட்டரி சட்டென்று ஒரு விளக்குக்கு இறங்கினால்தான் உள்ளே செல் பலவீனம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும் புதிது வாங்குமுன் பில்லை எடுத்து, பேட்டரிக்குத் தனி வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள்.