பங்குனி, சித்திரையில் மழையே இல்லாவிட்டால் வெள்ளாமைக்கும் ஆடுமாட்டுக்கும் என்ன ஆகும்?

கேள்வியின் முழு வடிவம் இது: "கோடையில் வெயில் அடிப்பது இயல்புதானே. பங்குனி, சித்திரையில் மழை இல்லை என்பதற்கு விவசாயிகள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்? தேங்காய் விலை ஏறியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

சம்பந்தம் உண்டு. ஆனால் அந்த வருஷத்து விலையோடு அல்ல. எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டத்தில், காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தஞ்சாவூர்க்காரர் வேறு மாதிரி சொல்வார், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

முதலில் மழைக் கணக்கு. தமிழ்நாட்டின் வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை ஏழில் ஒரு பங்குதான். காகிதத்தில் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் காங்கயம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். கார்த்திகையில் நின்ற மழை அடுத்து நம்பிக்கையாக வருவது புரட்டாசி, ஐப்பசியில். நடுவில் உள்ள அந்தப் பத்து மாதத்தில் மண்ணை நனைக்க இருக்கும் ஒரே வாய்ப்பு சித்திரை, வைகாசியில் இடியோடு கொட்டும் நாலைந்து மழை. அது தவறினால் இடைவெளியை நிரப்ப வேறொன்றும் இல்லை.

பி.ஏ.பி. வாய்க்கால் இல்லையா என்று கேட்பீர்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் 3.77 லட்சம் ஏக்கர். அதை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். காங்கயம், வெள்ளகோவில் கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதி. நம் முறை வரும் வருஷத்திலும் கடைசி மடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது தனிக் கதை, அதை இன்னொரு கேள்விக்கு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வறண்ட பங்குனியால் எல்லோருக்கும் நஷ்டம் என்பது சரியில்லை. ஈரோட்டு மஞ்சள்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தை முதல் பங்குனி வரை மஞ்சள் வெட்டி, வேக வைத்துக் களத்தில் காயப் போடும் காலம். இரண்டு வாரம் நல்ல வெயில் வேண்டும், ஒரு மழை விழுந்தால் நிறம் போய்விடும், விலையும் போய்விடும். புளி உலுக்குபவருக்கும் இதே கதைதான். மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்குப் பூக்கும் நேரத்தில் மழை விழுந்தால் பூ கொட்டிப் போகும், வெயில்தான் காய் கொடுக்கும். காங்கயத்தைச் சுற்றியுள்ள கொப்பரைக் களங்கள் எல்லாமே வெயிலை நம்பி நடப்பவை. பாதிக்குப் பாதி ஈரத்தோடு வரும் தேங்காய்ப் பருப்பை ஆறு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர ஒரு வாரம் வெயிலும் காற்றும் வேண்டும். ஆக, ஒரே ஊரில் களம் வைத்திருப்பவர் வானத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்கும்போது தோப்பு வைத்திருப்பவர் அதே வானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார். சிலர் இரண்டும் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி அடிபடுபவர்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது: மழை தவறிய மாதத்தில் அடி வெளியே தெரியாது. சித்திரையில் எங்கள் தோப்பைப் பார்த்தால் மட்டை கொஞ்சம் தொங்கியிருக்கும், அவ்வளவுதான். காய் பறிப்பு நடந்துகொண்டுதான் இருக்கும்.

தென்னையின் கணக்கு நீளமானது. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்றப் பன்னிரண்டு மாதம். அதற்கு முன்பே, மரத்தின் குருத்துக்குள் அந்தப் பாளை உருவாகத் தொடங்கி வெளியே வர இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதாவது இன்று நீங்கள் சட்னிக்கு உடைக்கும் தேங்காயின் தொடக்கம் மூன்றரை வருஷத்துக்கும் முந்தியது. எந்த நேரத்திலும் ஒரு மரத்தில் வெளியே பத்துப் பன்னிரண்டு குலையும், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் அதைவிட அதிகமான பாளைகளும் வெவ்வேறு வயதில் இருக்கும். வறட்சி இத்தனையையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. முற்றப் போகும் காய்க்குப் பெரிய சேதம் இல்லை, பருப்பு கொஞ்சம் மெலியும். இளங்குலையில் குரும்பை, அதாவது பிஞ்சு, கொட்டும். உள்ளே இருக்கும் பாளை ஒன்றிரண்டு பெண் பூவோடு பின்னால் வரும், சில சமயம் வெறும் பாளையாகவே வரும். அதனால் மழை தவறி எட்டு மாதம் கழித்துத் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் வரை விளைச்சல் விட்டுவிட்டுக் குறையும். நடுவில் நல்ல மழை பெய்து தோப்பு பச்சைப்பசேல் என்று நிற்கும். பார்ப்பவர்கள் "இப்போதுதான் மழை வந்துவிட்டதே, இன்னும் ஏன் காய் இல்லை?" என்பார்கள். பழைய கோடை மரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

தண்ணீர் பாய்ச்சினால் போதாதா என்றால், கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் வரை கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். கிணற்றில் இருந்தால் பெரிய விஷயமில்லை. கிணறு வற்றி, போரில் கம்ப்ரசர் விட்டு விட்டு இழுக்கும் ஊரில் ஐந்து ஏக்கர் தோப்புக்கு இது எங்கிருந்து வரும்? 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி மரத்தடியில் விட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய. காய்க்காக அல்ல, மரம் செத்துவிடக் கூடாது என்று. காய்ந்து மொட்டையாக நின்ற மரங்களைக் கடைசியில் வெட்டி விறகுக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பினார்கள். மறுபடி நட்ட கன்று காய்க்க நெட்டை ரகமானால் ஆறேழு வருஷம். அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் 2017 என்று எழுதப்படுவதில்லை.

வெள்ளை ஈயையும் இதோடு சேர்க்க வேண்டும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ வெயிலிலும் வறண்ட காற்றிலும் பெருகும். நல்ல கனமழை அடித்தால் ஓலையிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். கோடை மழை இல்லாத வருஷத்தில் அதற்குக் கேட்பாரில்லை.

மானாவாரிக் காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் கோடை உழவு ஓட்டலாம், விழாவிட்டால் கலப்பையின் கொழு மண்ணில் இறங்காது. உழவு இல்லாத காட்டில் அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். களையும் கூட்டுப்புழுவும் அப்படியே இருக்கும். இதுவும் தெரிய வருவது விதைத்த பிறகுதான்.

ஆடுமாடு விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கால்நடை வளர்ப்பின் அடித்தளம் கொறங்காடு என்ற மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். வருஷா வருஷம் உழவு கிடையாது. பாசனம் கிடையாது. காட்டைப் பாகம் பாகமாகத் தடுத்து, ஒன்று மேய்ந்து முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். காங்கயம் மாடு இந்த வறண்ட காட்டில் வளர்ந்த இனம், வெயிலைக் கண்டு சுணங்காது. புல் காய்ந்துவிட்டால் வெள்வேலங்காய் உதிர்ந்து கிடக்கும், ஆடும் மாடும் அதைப் பொறுக்கித் தின்னும். ஒரு கோடையைத் தாண்ட இந்த ஏற்பாடு போதும். போதாமல் போவது எப்போது என்றால், வைகாசியில் புல் தழைக்க வேண்டிய மழையும் வராதபோது. பசியோடு நிற்கும் மந்தையை ஒரே பாகத்தில் நீண்ட நாள் விட்டால் புல்லின் அடித்தூரையும் கடித்துவிடும், குளம்பு பட்டு மண்ணும் புழுதியாகும். தூர் உயிரோடு இருந்தால் ஒரு மழையில் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். தூர் போய்விட்டால் புதிதாக விதை போட்டு, வருஷக்கணக்கில் மேய விடாமல் காக்க வேண்டும். காக்கிற அளவுக்கு வசதி உள்ளவர் எத்தனை பேர்? அந்தக் காட்டைத்தான் பிறகு மனை போட்டு விற்கிறார்கள்.

கலப்பின மாடு வைத்திருப்பவருக்குக் கஷ்டம் வேறு விதம். ஜெர்சியும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பும் வெயிலில் தீவனத்தைக் குறைத்துவிடும், தண்ணீரை மட்டும் குடிக்கும். பால் குறையும், பசுந்தீவனம் இல்லாததால் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான சத்து) இறங்கும், பால் சங்கத்தில் லிட்டருக்கு விலையும் இறங்கும். அது உடனே தெரிகிற அடி. தெரியாத அடி சினைப் பருவத்தில். வெயிலில் மாடு பருவத்துக்கு வருவது வெளியே சரியாகத் தெரியாது, சினை ஊசி போட்டாலும் தங்காது. சித்திரையில் சினை பிடிக்காத மாடு தை மாதம் கன்று போடாது. பொங்கல் சமயத்தில் பால் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தால் விடை ஒன்பது மாதத்துக்கு முன்னால் இருக்கும்.

தீவனம் தீர்ந்தவர்கள் விற்கிறார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் மாட்டுச்சந்தைதான் காங்கயம் மாட்டுக்குப் பேர் போனது. மழை விழுந்த வருஷத்தில் அங்கே வாங்க வருபவர்கள் அதிகம். விழாத வருஷத்தில் விற்க வருபவர்கள் அதிகம். சோளத்தட்டு விலை ஏறிக்கொண்டே போகும், மாட்டு விலை இறங்கிக்கொண்டே போகும். நல்ல இனப் பசுவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர், மழை பெய்து காடு தழைத்ததும் அதே விலைக்கு ஒரு கிடாரிக்கன்று கூட வாங்க முடியாது. அரசு வறட்சிக் காலத்தில் மானிய விலையில் உலர்தீவனம் கொடுக்கக் கிடங்கு திறக்கிறது, உண்மையிலேயே உதவுகிற திட்டம். என் வருத்தம், அது பெரும்பாலும் விற்றது விற்ற பிறகு திறப்பதுதான்.

மழை வந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. ஆடுமாடு வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் இந்தப் பகுதியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், காய்ந்த சோளக் கட்டையிலிருந்து முதல் மழைக்குத் துளிர்க்கும் தழையிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற விஷம் ஏறியிருக்கும். பசியோடு இருந்த மாடு பச்சையைக் கண்டதும் பாய்ந்து மேயும். சிறிது நேரத்தில் நடுக்கம், மூச்சுத் திணறல், விழுந்துவிடும். டாக்டர் சீக்கிரம் வந்து ஊசி போட்டால் பிழைக்கும், அவர் வரும் வரை தாங்க வேண்டுமே. அறுத்து நன்றாகக் காய வைத்துப் போட்டால் விஷம் இறங்கிவிடும், கதிர் வந்த பயிரில் பயம் குறைவு. செம்மறிக்கு வருவது துள்ளுமாரி என்ற குடல் நோய். காய்ந்ததைத் தின்று பழகிய குடலுக்குத் திடீரென்று இளம்புல் போகும்போது மந்தையில் இருப்பதிலேயே கொழுத்த ஆடு முதலில் சாகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். "மழை பேஞ்ச மூணு நாளைக்கு ஆட்டை அப்படியே தொறந்து உட்ராதீங்க தம்பி, கொஞ்சம் தட்டப் போட்டுட்டு உடுங்க" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொல்வார். கால்நடை டாக்டர் சொல்வதும் அதையேதான்.

சரி, தேங்காய் விலை. 2024 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது, மழை மே நடுவில்தான் எட்டிப் பார்த்தது. அந்தச் சமயத்தில் கொப்பரை விலை என்ன தெரியுமா? மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 11,160 ரூபாய்க்கும் கீழே. தோப்பு காய்ந்துகொண்டிருந்தது, விலையும் கிடந்தது. ஏனென்றால் சந்தைக்கு வந்தது பழைய மழையில் உருவான காய். அந்த வருஷக் கடைசியில்தான் வரத்து குறைந்து விலை ஏறத் தொடங்கியது. 2025 நடுவில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது, தேங்காய் எண்ணெய் கடையில் 400ஐத் தாண்டியது. முழுக் காரணமும் எங்கள் ஊர் வெயில் என்று சொல்ல மாட்டேன். 2023–24 எல் நினோ இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தோப்புகளையும் காய வைத்தது, 2024 செப்டம்பரில் பாமாயில் மீதான இறக்குமதி வரியும் ஏறியது, வெள்ளை ஈயும் இருந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது எங்கள் பக்கம் பலரிடம் விற்கக் காய் இல்லை, பத்திரிகையில் மட்டும் "தென்னை விவசாயிகள் மகிழ்ச்சி" என்று போட்டார்கள்.

ஆகவே இந்தச் சித்திரை பொய்த்தால் தேங்காயை இப்போதே வாங்கி வைக்க வேண்டியதில்லை. அடுத்த தை தொடங்கிச் சந்தையைப் பாருங்கள், அதற்கடுத்த வருஷமும் பாருங்கள். பாலுக்குத்தான் முதலில் விலை கேட்பார்கள்.