தேர்தலில் நிற்க எத்தனையாவது படிக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

அரசு அலுவலக உதவியாளர் வேலைக்கே எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்கிறார்கள். சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக ஒரு படிப்பும் தேவையில்லை. இது நியாயமா? சட்டம் போட்டால் பட்டம் என்று வைக்கலாமா, பிளஸ் டூ போதுமா? வயது உச்சவரம்பும் வேண்டாமா? என் அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். பனியன் கம்பெனியில் வேலை பார்த்து என்னை இன்ஜினியர் ஆக்கினார். படிப்பின் அருமை தெரிந்ததால்தான் கேட்கிறேன்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

வயது வரம்பை விடுங்கள், அது வேறு பஞ்சாயத்து. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்பு கேட்ட ஹரியானா சட்டம் பற்றிய வழக்கின் தீர்ப்பை மறுபடி எடுத்து வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

அலுவலக உதவியாளர் உதாரணத்தில் நீங்கள் தனியாள் இல்லை. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய ராஜேந்திர பிரசாத்துக்கும் இந்த வருத்தம் இருந்தது. சட்டத்தை நடத்துகிறவருக்குத் தகுதி கேட்கிறோம், சட்டம் செய்கிறவருக்குக் கேட்பதில்லையே என்றார். பெரிய மனிதர், பெரிய படிப்பாளி. ஆனாலும் அந்த ஒப்பீடு நிற்காது. உதவியாளரை அரசு தன் வேலைக்கு எடுக்கிறது, என்ன தகுதி வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொள்ளலாம். எனக்காகப் பேசப் போகிறவர் யார் என்று முடிவு செய்ய வேண்டியது நான்.

இந்த இடத்தில் எல்லோரும் காமராஜரை இழுப்பார்கள். நான் இழுக்க மாட்டேன். ‘படிக்காத மேதை’ என்ற வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. படிக்காதவர் மேதையாக இருந்தால் மன்னித்து உள்ளே விடலாம் என்று அதற்கு அர்த்தமாகிறது. பட்டதாரி எம்.எல்.ஏ.விடம் நீ மேதையா என்று யாராவது கேட்கிறோமா? சுமாரான பட்டதாரிகள் ஐந்து வருடம் மேசையைத் தட்டிவிட்டு வீடு திரும்பலாம். படிக்காதவர் மட்டும் சரித்திரத்தில் இடம்பிடித்தாக வேண்டும். அவருக்கும் சுமாராக இருக்க உரிமை உண்டு.

ஹரியானாவுக்கு வருகிறேன். 2015-இல் அங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கல்வித் தகுதி வைத்தார்கள். பொதுப்பிரிவு ஆண்கள் பத்தாவது, பெண்களும் பட்டியல் சாதி ஆண்களும் எட்டாவது, பட்டியல் சாதிப் பெண் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாவது. போதாததற்கு வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது. இதைச் சட்டமாக்கியவர்களைக் கவனியுங்கள். அந்தச் சட்டமன்றத்துக்குள் போக அவர்களுக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை, இன்றைக்கும் தேவையில்லை. தெருக்குழாயைக் கவனிக்கப் பத்தாவது வேண்டுமாம், மாநிலத்தையே ஆள ஒன்றும் வேண்டாமாம்! அதே 2015 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் செலமேஸ்வரும் சாப்ரேயும், சட்டம் செல்லும் என்றார்கள். நல்லது கெட்டதைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வி மட்டுமே தருகிறது என்று எழுதினார்கள். வீட்டில் கழிப்பறை இல்லாததற்குக் கூட வறுமை காரணமில்லை, மனமில்லாததுதான் காரணம் என்றார்கள். அந்த வரியில்தான் நான் தீர்ப்பை மூடி வைத்தேன்.

அந்த ஊர்களில் ஐம்பது வயதுப் பெண் ஏன் எட்டாவது படிக்கவில்லை? பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. இருந்த இடத்தில் பெண்ணை அனுப்பவில்லை, அனுப்பிய இடத்தில் சாதி பார்த்துத் தள்ளி உட்கார வைத்தார்கள். அரசு செய்யத் தவறியதற்கு அவள் அபராதம் கட்ட வேண்டும்! ராஜஸ்தானிலும் 2014 டிசம்பரில், தேர்தல் வாசலில், அவசரச் சட்டமாக இதையே கொண்டுவந்தார்கள். 2019-இல் அடுத்து வந்த அரசு அதைத் திரும்பப் பெற்றது.

எங்கள் ஊரில் 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் ஜெயித்தார். எழுத்துக் கூட்டவும் தெரியாது. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஜெயித்த பிறகுதான் பெயரெழுதப் பழகினார். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் கிளார்க்கை வாசிக்கச் சொல்வார். சாயங்காலம் அதே காகிதத்தை என்னிடம் நீட்டி, “தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?” என்பார். அப்புறம் ரேஷன் கடைக்காரரிடமும் போகும். மோட்டார் ரிப்பேர் பில் ஒன்றில் கிளார்க் வாசித்த தொகையும் நான் வாசித்த தொகையும் ஒத்துவரவில்லை. பெரியம்மா சத்தம் போடவில்லை. செக்கை அப்படியே வைத்துவிட்டு மாடு கறக்கப் போய்விட்டார். மறுநாள் பில் சரியாக வந்தது.

உடனே கண் கலங்க வேண்டாம். மேலத்தெரு சாலையைப் பாதியில் விட்டவரும் அவர்தான். சின்ன வேலைகளைத் தம்பி வீட்டுக்குத் தள்ளிவிட்டார் என்ற பேச்சும் இருந்தது, பொய்யில்லை. பக்கத்து ஊரில் பி.ஏ. படித்த தலைவர் செய்ததைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாதாரணத் தலைவர். அடுத்த முறை ஊர் அவரைத் தோற்கடித்தது. அது ஊருடைய வேலை, ஊர் செய்தது.

ஆர்., உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை அனுப்பும் முன் படித்தீர்களா? பனியன் கம்பெனியில் கூலி எப்படிக் குறைக்கிறார்கள், ஓவர்டைம் காசு எங்கே போகிறது, சாயத்தண்ணீர் நொய்யலில் என்ன செய்தது என்பதெல்லாம் உங்களைவிட உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அவர் நாளை வார்டுக்கு நிற்கிறேன் என்றால், பெற்ற பிள்ளையே சட்டம் போட்டு “நீ வெளியே நில்” என்பீர்களா? அம்மா மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பவர், இதை ஒரு நிமிடம் யோசிக்காமல் எழுதியதுதான் எனக்குக் கோபம். நம் ஆட்களுக்கு நடப்பது இதுதான். முதல் தலைமுறையாகப் படி ஏறியவர், ஏறியதும் திரும்பி ஏணியைப் பார்க்கிறார், அடுத்தவர் ஏறக் கூடாதென்று இல்லை, ஏதோ ஒழுங்குக்காக என்று சொல்லிக்கொண்டு அதை எடுத்துவிடுகிறார்.

பட்டமா, பிளஸ் டூவா என்று கேட்டீர்கள். பட்டம் வைத்துப் பார்த்த நாடு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பாகிஸ்தானில் அன்றைய ராணுவ ஆட்சியாளர் முஷரஃப் 2002 தேர்தலுக்குப் பட்டதாரிகள்தான் நிற்கலாம் என்றார். மதரசா சான்றிதழையும் பட்டமாக ஏற்றார்கள், போலிப் பட்டங்கள் முளைத்தன. 2008-இல் அந்த நிபந்தனையை நீதிமன்றமே நீக்கியது. 2010-இல் போலிப் பட்ட விவகாரம் வெடித்தபோது பலூசிஸ்தான் முதல்வர் ரைசானி, போலியோ அசலோ, பட்டம் பட்டம்தான் என்றார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

உங்களுக்குப் படித்தவர்தான் வேண்டுமென்றால் வழி ஏற்கெனவே இருக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் படிப்பு, சொத்து, வழக்கு மூன்றும் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பட்டதாரிக்கே ஓட்டுப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. வழக்குப் பத்தியையும் ஒரு பார்வை பாருங்கள், அங்கே பட்டதாரிகள் நிறையப் பேர் தென்படுவார்கள்.