மணல்மேட்டு மைக்: ஹாம் ரேடியோ கேள்வி – பதில்

கேள்வி: ஹாம் ரேடியோவில் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) போட்டி என்கிறார்களே, அதில் என்ன போட்டி? வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியதை நண்பர்களைத் திரட்டிக்கொண்டு பாலைவனத்தில் போய் ஏன் செய்ய வேண்டும்?

பதில்: குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு பேசினோம், எத்தனை நாடுகளைப் பிடித்தோம் என்பதுதான் போட்டி. பெரிய போட்டி என்றால் சி.க்யூ. வேர்ல்டு வைடு. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் குரலுக்கு, நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸ் தந்திக் குறிக்கு. இரண்டும் 48 மணி நேரம். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளம்), 'ஃபைவ் நைன்' (நன்றாகக் கேட்கிறது), மண்டல எண், நன்றி, அடுத்தவர் வாருங்கள், அவ்வளவுதான். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வேறு கண்டத்து நிலையத்துக்கு 3 புள்ளி. ஒவ்வொரு பேண்டிலும் (40 மீட்டர், 20 மீட்டர் என்று அலைநீளத்தால் அழைக்கப்படும் அலைத் தொகுதி) கிடைத்த மண்டலங்களையும் நாடுகளையும் கூட்டி, அந்தத் தொகையால் புள்ளிகளைப் பெருக்குவார்கள்.

இதனால்தான் மொராக்கோ போட்டியாளர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆப்பிரிக்கக் கண்டம், 33-ஆம் மண்டலம். ஐரோப்பாவோ கூப்பிடு தூரத்தில். அங்கிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் 3 புள்ளி.

ஆனால் என்னைக் கேட்டால் புள்ளிக் கணக்கைவிடப் பெரிய காரணம் இரைச்சல். நகரத்தில் எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், கூரையில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டர் என்று எல்லாமே ரேடியோவில் கரகரக்கும். எஸ்-மீட்டர் (சிக்னல் வலுவைக் காட்டும் மீட்டர்) முள் எஸ்-7-க்குக் கீழே இறங்கவே இறங்காது. கடைசி மின்கம்பத்தைத் தாண்டி வந்து ரிக்கைப் (ரேடியோ கருவி) போட்டால் முள் படுத்தே கிடக்கும். முதல் தடவை வருகிறவர்கள் ஆன்டெனாவை மாட்டவில்லையோ என்று பின்னால் போய்ப் பார்ப்பார்கள். ஒரு எஸ் அளவு என்பது 6 டெசிபல். ஐந்தாறு அளவு இரைச்சல் குறைந்தால், எங்கோ 5 வாட்டில் முனகுகிறவர் குரலும் காதில் விழும். கேட்காதவரோடு பேச முடியாது இல்லையா?

கேள்வி: மணலில் வெர்டிகல் ஆன்டெனா (செங்குத்துக் கம்பி) நட்டு, எர்த் கம்பியும் அடித்தோம். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் ஆற்றலைக் காட்டும் அளவு) அருமையாக இருந்தது. ஆனால் எங்களை யாருமே கேட்கவில்லை. என்ன கோளாறு?

பதில்: எஸ்டபிள்யூஆர் அருமையாக இருந்ததுதான் கோளாறு! காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறக்குறைய 5 சீமென்ஸ் என்றால், வறண்ட மணலுக்கு 0.001 அளவில்தான் வரும். கால்அலை வெர்டிகலுக்கு (அலைநீளத்தில் கால்பங்கு உயரம்) மறுபாதி தரையில் இருக்கிறது. தரை சரியில்லை என்றால் நீங்கள் கொடுக்கும் வாட்டில் பெரும்பகுதி மணலைச் சூடாக்கவே போய்விடும். அந்த இழப்பு ஒரு மின்தடை போலச் சேர்ந்துகொள்வதால் மீட்டரில் மட்டும் எல்லாம் அழகாகத் தெரியும். எர்த் கம்பியை இன்னும் நாலடி இறக்கினாலும் பயன் இல்லை.

20 மீட்டருக்கும் அதைவிடக் குறுகிய அலைநீளப் பேண்டுகளுக்கும் வெர்டிகலை மறந்துவிடுங்கள். 14 மெகாஹெர்ட்ஸுக்கு (20 மீட்டர் பேண்ட்) அரைஅலை டைப்போல் (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆன்டெனா) சுமார் 10 மீட்டர் கம்பி. அதை 10 மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால் கீழே மணலா பாறையா என்று அது அதிகம் கவலைப்படாது. 40, 80 மீட்டரில் அவ்வளவு உயரம் கட்டுப்படியாகாது. அங்கே வெர்டிகல்தான் வேண்டுமென்றால், ரேடியல் கம்பிகளைத் (ஆன்டெனாவின் அடியிலிருந்து நாலா பக்கமும் விரியும் கம்பிகள்) தரையில் போடாமல் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். நான்கு போதும். யாரும் கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பியில் வண்ணத்துணி கட்டிவையுங்கள்.

உப்புப் படுகை கிடைத்தால் கதையே வேறு. மேலே காய்ந்த ஓடு, அடியில் ஈரமான உப்பு. வெர்டிகலுக்குச் சொர்க்கம். ஆனால் வண்டியை ஓரத்திலேயே நிறுத்துங்கள். ஓடு உடைந்தால் அச்சு வரை இறங்கிவிடும்.

அப்புறம், மாஸ்ட்டுக்கு (ஆன்டெனாக் கம்பம்) ஸ்டே கயிறு (தாங்கு கயிறு) கட்ட முளை அடிக்காதீர்கள். சாதாரணக் கூடார முளை மணலில் நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, இடுப்பளவு ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். பெருங்காற்றுக்கும் அசையாது.

கேள்வி: ஒரே முகாமில் நான் 40 மீட்டரில், நண்பர் 20 மீட்டரில். நான் மோர்ஸ் கீயை அழுத்தினால் அவர் ஹெட்போனைக் கழற்றி எறிகிறார். நட்பு நிலைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: பாவம் அவர். 40 மீட்டரில், 7.030 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் அழைத்தால் அதன் இரட்டிப்பு 14.060, மும்மடங்கு 21.090. போட்டி பேண்டுகளில் 7, 14, 21, 28 எல்லாம் ஏழின் மடங்குகள்தான். எந்த டிரான்ஸ்மிட்டரும் கொஞ்சம் ஹார்மோனிக்கைக் (இந்த மடங்கு அலைகள்) கக்கத்தான் செய்யும். அது போக, பக்கத்தில் இருக்கும் வலுவான சிக்னலே அவருடைய ரிசீவரைத் திணறடிக்கும்.

ஒவ்வொரு ரிக்குக்கும் அந்தந்த பேண்டுக்கான பேண்ட்பாஸ் ஃபில்ட்டர் (அந்த பேண்டை மட்டும் விடும் வடிகட்டி) போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். இரண்டு டைப்போல்களையும் நுனிக்கு நுனி வருகிற மாதிரி ஒரே கோட்டில் கட்டுங்கள். கம்பியின் நுனிப்பக்கம்தான் சிக்னல் மிகக் குறைவு. பாலைவனத்தில் இடத்துக்கா பஞ்சம்? கேபிள் இருக்கிற வரை தள்ளிப் போங்கள். கேபிளில் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையமும் மாட்டுங்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்கு வாய் இருக்கிறது: நீங்கள் அலைவரிசை மாறும்போதெல்லாம் அவருக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கையில் மொபைல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: டவர் கிடைக்காத இடமாகத்தான் தேடிப் போகிறோம்.

கேள்வி: மணற்புயல் வந்தால் ரேடியோவுக்கு ஆபத்தா?

பதில்: ரேடியோவுக்கும் உண்டு, உங்கள் விரலுக்கும் உண்டு. ஒரு மாலை காற்று கிளம்பியபோது முதலில் ஹெட்போனில்தான் தெரிந்தது. அமைதியாக இருந்த பேண்டில் சீறல் ஏறிக்கொண்டே போனது. 80 மீட்டர் கேபிளைக் கழற்றி மேசைமேல் போட்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் 'டிக்... டிக்...' என்று சத்தம். "யாருப்பா பேனாவைத் தட்டுறது?" என்றார் லாக் (தொடர்புப் பதிவேடு) எழுதிக்கொண்டிருந்த நண்பர். விளக்கை அணைத்துப் பார்த்தால், கனெக்டரின் நடு ஊசிக்கும் வெளி ஓட்டுக்கும் இடையே நீலப்பொறி தாவிக்கொண்டிருக்கிறது. பறக்கும் மணல் ஒவ்வொன்றும் கம்பியில் உரசி மின்னூட்டம் ஏற்றுகிறது. போக வழியில்லாமல் அது சேர்ந்து சேர்ந்து பொறியாக வெடிக்கிறது. அந்த ஊசி ரிக்கில் மாட்டியிருந்தால் ரிசீவரின் முன்பகுதி போயிருக்கும்.

எனவே காற்று வந்தால் கேபிளைக் கழற்றுங்கள், ஊசியையும் ஓட்டையும் இணைத்துவிடுங்கள். ஆன்டெனா இணைப்புப் புள்ளியில் அதிக மதிப்புள்ள ஒரு மின்தடையை நிரந்தரமாக வைத்துவிட்டால் மின்னூட்டம் சேராமல் கசிந்துபோகும். புயல் ஓய்ந்ததும் மோர்ஸ் பேடிலைக் (குறி அனுப்பும் கீ) கவனியுங்கள். இரு முனைகளுக்கும் நடுவே வெள்ளைத் தாளைச் செருகி மெல்ல இழுத்தால் தூசி வந்துவிடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஜெனரேட்டரா, பேட்டரியா?

பதில்: நூறு வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்கும்போது ஓர் ஆம்பியர் சுமார். ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஓர் இரவு தாக்குப்பிடித்தால் பெரிது. 48 மணி நேரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும். அதைக் காற்று போகும் திசையில் நன்றாகத் தள்ளி வையுங்கள். கூடாரத்துக்குள் புகும் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளை முடித்துவிடும். பாலைவன இரவு உறைநிலைக்குக் கீழே போகும் இடங்கள் உண்டு. அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் செல் கெட்டுவிடும். மலிவான சோலார் கன்ட்ரோலர்கள் போடும் இரைச்சலைக் கேட்டால், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆகிவிடும்.

கேள்வி: வேறு நாட்டுப் பாலைவனத்துக்குப் போனால் என் உரிமம் செல்லுமா?

பதில்: தானாகச் செல்லாது. ஐரோப்பிய நாடுகளும் வேறு சிலவும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் அந்தந்த நாட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சாதனங்களின் வரிசை எண்களோடு பட்டியல் எடுத்துப் போங்கள், சுங்கத்தில் பேச்சு குறையும். சாட்டிலைட் போனுக்குத் தனி அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். 48 மணி நேரத்தை எப்படிப் பங்கு போடுவது?

பதில்: கடிகாரத்தைப் பார்த்துப் பிரிக்காமல் சூரியனைப் பார்த்துப் பிரியுங்கள். பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு 80, 160 மீட்டர் அலைகளை விழுங்கிவிடும். அப்போது 10, 15, 20 மீட்டர். இரவில் அந்த அடுக்கு மறைந்ததும் 80, 160 மீட்டர் பேண்டுகள் விழித்துக்கொள்ளும். விடியலும் அந்தியும் நால்வரும் எழுந்திருக்க வேண்டிய நேரம். நடுப்பகலில் ஒருவருக்காவது கட்டாயத் தூக்கம். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு 'நான் தாங்குவேன்' என்று அடம்பிடிப்பவரைக் கையைப் பிடித்து எழுப்பிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் அழைப்புக்குறியில் ஓர் எழுத்து மாறிப் பதிவாகும். நடுவர்கள் எல்லாருடைய லாக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தப்பாக எழுதிய தொடர்பு போவதோடு மேற்கொண்டு புள்ளியும் பிடிப்பார்கள்.

இணையம் இல்லாத இடத்தில் லேப்டாப் கடிகாரம் நகர்ந்துவிடும், ஜிபிஎஸ் வைத்துத் திருத்துங்கள். போட்டி முடிந்து 5 நாளுக்குள் லாக் போய்ச் சேர வேண்டும். திரும்பும் வழியில் வண்டி நின்றுபோனாலும் போகலாம். ஆகவே கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே லாக்கை இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து, இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள்.