மலாவி இலக்கியம்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: "காற்றாலை செய்த மலாவிச் சிறுவனின் படம் பார்த்தேன். அந்த நாட்டு எழுத்தாளர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? எதை முதலில் படிக்கலாம்?"

வில்லியம் கம்க்வாம்பாவின் கதையைத்தான் சொல்கிறீர்கள். படம் வந்தது 2019இல், அதற்கு மூலமான புத்தகம் 2009இல். முடிந்தால் புத்தகத்தையும் படியுங்கள். 2001-02 பஞ்சத்தைப் பற்றிய பக்கங்கள் படத்தில் வந்ததைவிடக் கனமானவை. ஆனால் மலாவி இலக்கியம் என்று கேட்டால் நான் அங்கிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். கவிதையிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

எனக்கே இது தாமதமாகத்தான் தெரிந்தது. எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது காமன்வெல்த் தாளில் டேவிட் ருபாதிரியின் கவிதை ஒன்று இருந்தது. கைடில் 'ஆப்பிரிக்கக் கவிஞர்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அவர் மலாவிக்காரர் என்பதோ, 1964இல் அந்த நாடு விடுதலை பெற்றதும் அமெரிக்காவுக்குப் போன முதல் தூதர் என்பதோ, மறு வருடமே அன்றைய பிரதமர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவுடன் முறித்துக்கொண்டு பதவியை விட்டு, பல பத்தாண்டுகள் வெளிநாட்டிலேயே இருந்தவர் என்பதோ யாரும் சொல்லவில்லை. பத்து மார்க் கேள்விக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

அந்தப் பண்டாவைத் தெரியாமல் அங்கே எழுதப்பட்ட எதுவும் புரியாது. 1971இல் தன்னையே ஆயுட்கால அதிபராக்கிக்கொண்டவர், 1994 வரை ஆண்டார். 1968இலேயே தணிக்கைச் சட்டம் வந்துவிட்டது. ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' வரைக்கும் தடை. இதில் ஒரு வேடிக்கை: இதே பண்டா 1946இல், பிரிட்டனில் மருத்துவராக இருந்த காலத்தில், தன் ஊர்க்காரர்கள் எழுதிய கட்டுரைகளை கல்லன் யங் என்ற மிஷனரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பதிப்பித்தவர். மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான் பிறகு தணிக்கைக்காரர் ஆனார்.

சரி, கவிதைக்கு வருவோம். 1970இல் மலாவிப் பல்கலைக்கழகத்தின் சான்சலர் கல்லூரியில் எழுத்தாளர் பட்டறை ஒன்று தொடங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதியதைக் கொண்டுவந்து வாசிப்பார்கள், மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். ஜாக் மபாஞ்சே, ஸ்டீவ் சிமோம்போ, ஃபிராங்க் சிபசூலா, லுபெங்கா ம்பாண்டே எல்லாம் அந்தக் கூட்டத்து ஆட்கள்தான். நேரடியாக எதையும் எழுத முடியாத நாட்டில் அவர்கள் பாட்டி கதைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள்.

மபாஞ்சேயின் முதல் தொகுப்பு 1981இல் வந்தது. 'ஆஃப் கமீலியன்ஸ் அண்ட் காட்ஸ்', அதாவது பச்சோந்திகளும் கடவுள்களும். நமக்குப் பச்சோந்தி என்றால் கட்சி தாவுகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அங்கே கதை வேறு. சியுட்டா என்ற கடவுள் மனிதர்களுக்கு 'உங்களுக்கு வாழ்வு உண்டு' என்ற சேதியைப் பச்சோந்தியிடம் கொடுத்து அனுப்பினார். அது ஆடி அசைந்து வந்ததில் சேதி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மனிதர்களுக்குச் சாவு வந்துவிட்டது. மபாஞ்சே தன் முன்னுரையில், குரலை அடக்கிவைக்கும் இடத்தில் அந்தப் பச்சோந்தி மாதிரி வண்ணத்துக்குள் சுகமாக ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது என்கிற பொருளில் எழுதுகிறார். அடுத்தவரைக் குத்துவதற்கு முன் தன்னைத்தானே குத்திக்கொள்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

1985இல் அந்தப் புத்தகத்தைக் கடைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 1987 செப்டம்பர் 25 அன்று, ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தவரை ஸோம்பா நகரில் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. மிக்கூயு சிறையில் 3 ஆண்டு, 7 மாதம், 16 நாள். காரணம் என்ன என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் யாரும் சொல்லவில்லை. லண்டனில் மலாவித் தூதரகத்துக்கு வெளியே நின்று நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் இவருடைய கவிதைகளை வாசித்தார். 1991 மே மாதம் விட்டார்கள். அப்புறம் இங்கிலாந்தில் யார்க் நகரில் குடியேறிவிட்டார்.

சிறைக் கவிதைகள் 1993இல் வந்தன. தலைப்பில் வாலாட்டிக் குருவி இருக்கிறது. சிறை முற்றத்துக்கு மேலே போட்ட கம்பி வலையில் வந்து அடைந்து, ஓயாமல் கத்தி, கைதிகள் மேல் எச்சமிடும் குருவிகள். சிறைக் கவிதையில் பறவை வந்தால் அது சுதந்திரம் என்று நாம் அடித்துச் சொல்லிவிடுவோம். இவருக்கு அது முதலில் எச்சம்.

அந்தத் தொகுப்பில் இன்னொரு கவிதையில், அறைச் சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். சுவர் முழுக்க முன்பு இருந்த கைதிகளின் கிறுக்கல்கள். இங்கே இருந்தோம் என்பதற்கு அவர்கள் விட்டுப்போன ஒரே சாட்சி அதுதான். அதை அழிக்க நான் யார் என்று மறுத்துவிடுகிறார். 1998இல் வந்த அடுத்த தொகுப்பில் ஸ்கிப்பிங் கவிதை. உடற்பயிற்சிக்குக் கயிறு கேட்டால், தூக்குப் போட்டுக்கொள்வாய் என்று தர மறுக்கிறார்கள். சரி, உன் கயிறு இல்லாமலே குதிக்கிறேன் என்று வரிக்கு வரி குதித்துக்கொண்டே போகிறார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

மபாஞ்சேக்கு அடுத்து சிமோம்போ. மலைக்கு அடியில் படுத்திருக்கும் பெரும் பாம்பு நபோலோ. அது புரண்டு ஏரியை நோக்கிக் கிளம்பினால் மலை சரியும், வெள்ளம் வரும். 1946இல் ஸோம்பாவில் வந்த பேரழிவுக்கும், 1991இல் ஃபலோம்பேயில் வந்ததற்கும் மக்கள் சொன்ன பெயர் நபோலோதான். சிமோம்போ அதை எடுத்து 1987இல் 'நபோலோ போயம்ஸ்' எழுதினார். பாம்பு யார், மலை யார் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தணிக்கைக்காரர் அதைக் கேட்டால், இது எங்கள் ஊர்ப் பழங்கதை ஐயா என்று சொல்லிவிடலாம்.

ஃபீலிக்ஸ் எம்ந்தாலியின் ஒரே ஒரு கவிதையாவது படித்துவிடுங்கள், குறிப்பாக ஆங்கில இலக்கியம் படித்தவராக இருந்தால். ஆங்கில இலக்கியம் போட்ட குரல்வளைப் பிடியைப் பற்றியது அது. மக்கரேரே, இபதான் போன்ற ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடத்தின் நடுவில் ஜேன் ஆஸ்டின் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் கேள்வியை நாங்கள் எப்போது கேட்பது என்கிறார். நான் ஆஸ்டினைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தவன், எனக்குச் சுருக்கென்று இருந்தது.

உரைநடை என்றால் லெக்சன் கயிரா. படிப்பதற்காக 1958இல் வீட்டிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்தே கிளம்பிய பையன். கையில் ஒரு பைபிள், பன்யனின் 'மோட்சப் பயணம்', ஐந்து நாளைக்குச் சாப்பாடு. ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து சூடானின் கார்ட்டூம் வரை போய்விட்டார். அங்கிருந்து அமெரிக்கா. அதை 'ஐ வில் ட்ரை' என்று 1965இல் எழுதினார். விறுவிறுப்பான புத்தகம். கொஞ்சம் தன்னம்பிக்கைப் புத்தக வாடை உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் ஆங்கிலம். உள்ளூர் மொழியான சின்யாஞ்சாவில் சாமுவேல் என்தாராவின் 'என்தோண்டோ' என்ற கதை 1933லேயே வந்துவிட்டது. அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அதே கல்லன் யங்தான். 1968இல் சின்யாஞ்சாவுக்கு சிசேவா என்று பெயர் மாற்றி அதையே தேசிய மொழியாக்கினார் பண்டா. வடக்கே பேசும் தும்புக்கா வானொலியிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் காணாமல் போனது. மொழிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய ஆட்களில் ஸ்டான்லி கெனானியின் சிறுகதைகள் கிடைத்தால் விடாதீர்கள். ஆப்பிரிக்கச் சிறுகதைகளுக்குத் தரும் கெய்ன் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு 2008, 2012 என இரண்டு முறை வந்தவர்.

நான் வாங்கியது மபாஞ்சேயின் சிறை நினைவுக்குறிப்பு, 2011இல் வந்தது. பழைய புத்தகமாகவே விலை கொஞ்சம் கூடத்தான், நடுவில் இழுக்கவும் செய்கிறது. அதனால் முதலில் ஸ்கிப்பிங் கவிதையைத் தேடிப் படியுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிடித்திருந்தால் மீதியை வாங்குங்கள்.