பாப்கார்ன் சீலிங்கைச் சுரண்டும் முன்

கேள்வி: வாங்கிய பழைய வீட்டில் படுக்கையறைக் கூரை முழுக்கச் சோளப்பொரி ஒட்டியது போலச் சொரசொரப்பாக இருக்கிறது. ஒட்டடை சேர்ந்தால் துடைக்கவும் முடியவில்லை. நாங்களே எடுத்துவிடலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: எடுக்கலாம். ஆனால் கூரையில் கை வைப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இந்தப் பூச்சில் ஒரு காலத்தில் கல்நார் இழை சேர்ப்பது வழக்கம். அமெரிக்காவில் 1978-இல் அலங்காரத் தெளிப்புக்கு அதைத் தடை செய்தார்கள். கையிருப்பில் இருந்த சரக்கு அதற்குப் பிறகும் கூரைகளில் ஏறியது. ஆகவே வீடு கட்டிய ஆண்டை மட்டும் வைத்துத் துணிய வேண்டாம். கண்ணால் பார்த்துச் சொல்லவும் யாராலும் முடியாது.

மாதிரி எடுக்கும்போது ஃபேன், ஏசி ஓடக்கூடாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய மாஸ்க் போட்டுக்கொண்டு, எடுக்கும் இடத்தை நன்றாக ஈரமாக்குங்கள். அடிப்பலகை தெரியும் ஆழம்வரை ஒரு தேக்கரண்டி அளவு சுரண்டி, ஜிப் பையில் போட்டு மூடி, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். அறைக்கு அறை தனித்தனி மாதிரி வேண்டும். எல்லா அறையும் ஒரே நாளில் பூசியதாக இருக்க வேண்டியதில்லை. கல்நார் 1 சதவீதத்துக்கு மேல் என்று ஆய்வகம் சொன்னால் அத்தோடு நிறுத்திவிட்டு, அதை அகற்ற உரிமம் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். உதிராமல் கெட்டியாக இருக்கும் பூச்சைச் சீண்டாமல் விட்டுவைப்பதும் நல்ல வழிதான்.

இழை இல்லை என்று முடிவு வந்தால் வாங்க வேண்டியவை: கையால் பம்ப் அடிக்கும் தோட்டத் தெளிப்பான், 10 அல்லது 12 அங்குல அகலப் பட்டித் தகடு, தரைக்கும் சுவருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, பெயின்டர் டேப், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க். தகட்டின் இரு முனைகளையும் அரத்தால் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை, பூச்சுக்கு அடியில் உள்ள ஜிப்சம் பலகையின் மேல்காகிதத்தைக் கோடு கோடாகக் கிழித்துவிடும். அந்தக் கோடுகளை அடைக்கத்தான் பட்டியும் நேரமும் கரையும்.

அறையின் மின்சாரத்தை மெயினிலேயே அணைத்து, ஃபேனையும் விளக்கையும் கழற்றி, கம்பி முனைகளை மூடிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்தால் நீர் உருண்டு விழாமல் பூச்சுக்குள் இறங்கும். ஒதுக்குப்புறமான மூலையில் ஓரடிச் சதுரத்தில் முதலில் பாருங்கள். தெளித்து 10, 15 நிமிடம் விட்டு, தகட்டைக் கூரையோடு ஏறக்குறையப் படுக்கவைத்துத் தள்ளினால், நனைந்த காகிதக்கூழ் போலச் சுருண்டு வர வேண்டும். பொடியாக உதிர்ந்தால் ஈரம் போதவில்லை. சொட்டச் சொட்ட நனைத்தாலோ பலகையின் காகிதம் உப்பி, இணைப்பு டேப்பும் கழன்றுவிடும். ஒருமுறைக்கு ஐந்தடிச் சதுரம் போதும். அதற்குமேல் நனைத்தால் சுரண்டிப் போய்ச் சேருவதற்குள் மறுமுனை காய்ந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் அடித்தால் முத்து முத்தாக நிற்கிறது. அழுத்திச் சுரண்டினால் பலகையும் கிழிகிறது. என்ன செய்வது?

பதில்: மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கல்நார் இல்லை என்று உறுதியான பிறகு, ஈயப் பெயின்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் அதுவும் இருக்கும். இரண்டும் இல்லையென்றால், பொரிகளின் நுனியை மட்டும் தகட்டால் இலேசாகத் தட்டிவிட்டு நீர் அடித்தால் உள்ளே இறங்கும். இரண்டு மூன்று முறை நனைத்தும் அசையாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். மெல்லிய ஜிப்சம் பலகையை மேலே வைத்து, உத்தரக் கட்டைகளில் பிடிக்கும் நீளமுள்ள திருகாணியால் முடுக்கி மூடிவிடுவதே எங்கள் பரிந்துரை. கிழிந்து பழுப்புக் காகிதம் தெரியும் இடங்களில் நேராகப் பட்டி போடாதீர்கள். அதன் ஈரத்தைக் குடித்துக் காகிதம் கொப்புளிக்கும். முதலில் ஆயில் பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகே பட்டி.

கேள்வி: இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டோம். ஒருவர் சொன்ன தொகை மற்றவர் சொன்னதில் பாதிதான். குறைவாகச் சொன்னவருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: தொகைக்குள் எதெல்லாம் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். பாதித் தொகை பெரும்பாலும் சுரண்டுவதற்கு மட்டுமே இருக்கும். முழுப் பரப்புக்கும் பட்டி, தேய்ப்பு, பிரைமர், பெயின்ட், கழிவு அகற்றல் எல்லாம் பிறகு தனித்தனியாக வரும். வெறும் சுரண்டலோடு நிற்கும் கூரையில் பழைய இணைப்புகளும் ஆணித் தலைகளும் தெரியும். அப்படியே விட முடியாது. பரிசோதனையை, அகற்றும் வேலையில் லாபம் பார்க்காத தனி ஆய்வகத்தில் செய்யுங்கள். “தேவையில்லை, இதெல்லாம் எனக்குப் பார்த்தாலே தெரியும்” என்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சுரண்டி, பெயின்டும் அடித்தாயிற்று. மாலையில் விளக்குப் போட்டால் திட்டுத்திட்டாகத் தெரிகிறதே?

பதில்: பட்டி போட்ட இடமும் போடாத இடமும் பெயின்டை வேறுவேறு அளவில் உறிஞ்சியிருக்கின்றன, இடையில் பிரைமர் விட்டுப்போயிருக்கும். விளக்கைக் கூரைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மேடுபள்ளங்களைப் பென்சிலால் குறித்து, மெல்லிய பட்டி இழுத்து, காய்ந்தபின் 150-ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு கூரை முழுக்கப் பிரைமர், அதன்மேல் பளபளப்பில்லாத மேட் பெயின்ட் இரண்டு கை.