வால்வு கசிந்தால் ஓட்டை விழுந்ததாகப் பொருளா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 54. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குச் செல்கிறார். சில மாதங்களாக மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. சேலத்தில் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்) மைட்ரல் வால்வில் மிதமான கசிவு என்று எழுதியிருக்கிறார்கள். வால்வில் ஓட்டை விழுந்துவிட்டதா? மருந்தில் சரியாகுமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பெரும்பாலானவர்களுக்கு ஓட்டை எதுவும் இருப்பதில்லை. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வில் இரண்டு இதழ்களும், அவை பொருந்தியிருக்கும் வளையமும், இதழ்களின் விளிம்பிலிருந்து இறங்கும் மெல்லிய நாண்களும், அந்த நாண்களைக் கீழறைச் சுவரோடு பிணைக்கும் இரண்டு காம்புத் தசைகளும் உண்டு. கீழறை சுருங்கும்போது இதழ்கள் விளிம்போடு விளிம்பு அழுந்திப் பொருந்த, காற்றில் குடைத்துணி மடங்கிவிடாமல் கம்பிகள் பிடித்துக்கொள்வதுபோல நாண்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றில் எது மாறினாலும் இடைவெளி உண்டாகி, பெருந்தமனிக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி மேலறைக்கே திரும்புகிறது. அங்கே கூடும் அழுத்தம் நுரையீரலை எட்டும்போது மூச்சு வாங்குகிறது.

எனவே, கசிவின் அளவோடு எந்தப் பகுதி மாறியிருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். சிறுவயதுத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் நம் நாட்டில் இன்றும் முக்கியமான காரணம். அதில் இதழ்கள் தடித்துச் சுருங்குகின்றன, நாண்கள் குட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வேறு சிலருக்கு இதழ் தளர்ந்து, நாண் நீண்டோ அறுந்தோ போகிறது. மாரடைப்பு காம்புத் தசையைப் பாதிக்கலாம். இதழ்கள் பழுதில்லாமல் இருந்தும், கீழறை வீங்கிப் பெருத்ததால் அவை எட்டிப் பொருந்த முடியாமல் கசிவதும் உண்டு. இந்த வகையில்தான் இதயத்துக்கான மருந்துகள் கசிவையே குறைக்கக்கூடும். சுருங்கிய இதழையோ அறுந்த நாணையோ மாத்திரை சீராக்காது. ஆனால் மிதமான கசிவுக்குப் பொதுவாக உடனே அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துக் கண்காணிப்பார்கள்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, மிதமான கசிவு மட்டுமே இவ்வளவு மூச்சுவாங்கலைத் தருகிறதா என்று பார்ப்பது முக்கியம். ரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். உடற்பயிற்சியின்போது கசிவு கூடுகிறதா என்பதற்கும் எக்கோ பரிசோதனை உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பல காலம் வாழ்ந்து பழகியவருக்குப் புதிதாக மூச்சு வாங்கினால், மலையைக் காரணமாகச் சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ, படபடப்பு விடாமல் இருந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் உடனே சேலத்துக்கு அழைத்து வாருங்கள்.