தறிச்சத்தத்தை வெட்டும் பையனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. போன சனிக்கிழமை நீங்களும் தம்பியும் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தபோது வெளியே இன்னும் நாலு குடும்பம் காத்திருந்தது. அதனால் உங்கள் கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். “படிக்கறக்குத்தான் டேப் வாங்கிக் குடுத்தமுங்க சார். இவன் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சத்தத்தை வெட்டி வெட்டி ஒட்டீட்டு இருக்கறான். இதுல சோறு கெடைக்குமுங்களா?” என்று கேட்டீர்கள். எழுதி அனுப்புகிறேன் என்றேன், இப்போதுதான் நேரம் கிடைத்தது. தம்பியும் சேர்ந்து படிக்கட்டும். அவனுக்குப் பிடிக்காத விஷயங்களும் இதில் இருக்கின்றன.

நேராகச் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டில் சத்தம் வெட்டும் அந்த ஆப்பை ஓட்டத் தெரியும் என்பதற்காக யாரும் வேலை தரமாட்டார்கள். அதை ஓட்டி ஓட்டி அவன் காது பழகியிருக்கிறதே, அதற்கு வேலை இருக்கிறது. அந்தக் காது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைத்தான் அன்றைக்கு அவனிடம் சோதித்துப் பார்த்தேன். நீங்கள் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்திருப்பீர்கள்.

அவன் டேப்பில் வைத்திருப்பது கோவாலா சாம்பிளர். திரையில் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம். ஒரு கட்டத்தை அழுத்திப் பிடித்தால் மைக் வழியாக வரும் சத்தம் அதில் பதிவாகும், அப்புறம் தட்டினால் அது ஒலிக்கும். இப்படி நாலு பக்கம், மொத்தம் 64 சத்தம் வைத்துக்கொள்ளலாம். நீளமான ஒரு பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, வரிசை மாற்றித் தட்டினால் புதுத் தாளம் பிறக்கும். இதைத்தான் பையன்கள் ‘சாப் பண்றது’ என்கிறார்கள். பதினாறு கட்டம் என்ற அமைப்பு இந்த ஆப்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1988-இல் அகாய் நிறுவனம் ரோஜர் லின் என்பவரின் வடிவமைப்பில் வெளியிட்ட எம்பிசி 60 என்ற கருவியில் வந்தது. அமெரிக்க ஹிப்ஹாப் இசையில் பாதி அந்தக் கட்டங்களில் தட்டி எடுத்ததுதான் என்று நான் சொன்னால் தம்பி மறுக்கமாட்டான்.

சரி, சோதனைக்கு வருகிறேன். அவன் அப்பா வேலை பார்க்கும் தறிப்பட்டறையில் பதிவு செய்த சத்தத்தைப் போட்டுக் காட்டினான். நாடா அடிக்கும் சத்தம் மட்டும் தனியாக, பக்கத்துத் தறிகளின் இரைச்சல் முடிந்தவரை குறைந்து வந்தது. எப்படி எடுத்தாய் என்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டச் சொல்லி, டேப்பைத் துணிமூட்டை மேல் வைத்துப் பதிந்தானாம். தரையில் வைத்தால் அதிர்வு சேர்ந்து வந்ததாம். அப்புறம் இன்னொன்று சொன்னான்: “கண்ட எடத்துல வெட்டுனா ‘டிக்’குனு ஒரு சத்தம் வருதுங்க சார், கோடு நடுவுல வர்ற எடமாப் பாத்து வெட்டோணும்.” அலை மேலும் கீழும் போய் வரும்போது பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால்தான் அந்த ‘டிக்’ வராது. ஒலிப்பதிவுக் கல்லூரியில் சேர்ந்த பிறகு சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. உங்கள் பையன் யாரும் சொல்லாமல் காதில் வாங்கித் திருத்தியிருக்கிறான்.

அவன் போட்ட பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயதுக்கு அது பெரிய குறையில்லை. வெட்டிய இடங்கள் சுத்தமாக இருந்தன, எனக்கு அது போதும்.

இதைக் கவனித்துப் பார்க்க நான் ஒரு பையனின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி செல்போனில் பீட் போடும் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். ‘போனைப் பீரோவில் பூட்டுங்கள், ரெண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம்’ என்று நான்தான் சொன்னேன். பொறியியல் சேர்ந்தான், அரியர் மேல் அரியர், பாதியில் நின்றுவிட்டான். இன்று கல்யாண மண்டபங்களில் மிக்ஸர் பார்க்கிறான், நன்றாகவே பார்க்கிறான். ஆனால் முறையாகப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பான். ஒரு தடவைகூட அவன் போட்டதைக் கேட்காமலே நான் தீர்ப்புச் சொன்னேன். அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் ‘போட்டுக் காட்டு’ என்றுதான் சொல்கிறேன்.

இப்போது தம்பிக்குப் பிடிக்காத விஷயம். ப்ளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல் உள்ள குரூப்பை விட்டுவிட்டு காமர்ஸுக்கு மாறினால் இசைக்கு நேரம் கிடைக்கும் என்று கேட்டான் அல்லவா? வேண்டாம் தம்பி. காமர்ஸ் மட்டமான படிப்பு என்று சொல்லவில்லை. நீ போக நினைக்கும் வழியில் வாசல்கதவே இயற்பியல்தான். புனேயில் உள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் (எஃப்டிஐஐ), கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம், இரண்டிலும் ஒலிப்பதிவும் ஒலி வடிவமைப்பும் பட்ட மேற்படிப்பு நிலையில் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் ப்ளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். 2009-இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி எஃப்டிஐஐ மாணவர்தான்.

இயற்பியல் எதற்கு என்று முகம் சுளிக்காதே. நீ தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். உன் தறி நிமிடத்துக்கு 128 அடி அடிக்கிறது என்று நீதான் சொன்னாய். அதை 96-க்கு இழுத்தபோது சத்தம் கனமாகிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை என்றாய். 96 என்பது 128-இல் முக்கால் பங்கு. வேகத்தை முக்காலாகக் குறைத்தால் அதிர்வெண்ணும் முக்காலாகும். சட்ஜத்தின் அதிர்வெண்ணில் முக்கால் பங்கு என்பது மந்தர ஸ்தாயியின் பஞ்சமம். அதாவது ‘ச’வில் இருந்த உன் தறி கீழே ‘ப’வுக்கு இறங்கிவிட்டது. கீபோர்டில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஐந்து கட்டை கீழே. சுருதி இறங்காமல் வேகம் மட்டும் குறைய வேண்டுமென்றால் டைம் ஸ்ட்ரெட்ச் போட வேண்டும், அப்போது அடியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழில். உன் இயற்பியல் புத்தகத்தில் அலைகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை டேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்.

அம்மா, அடுத்து நீங்கள் கேட்ட காலேஜ் விஷயம். சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்ததும் சேரும்படியான நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் ஒலிப்பதிவு ஒரு பிரிவு. அரசு நிறுவனம் என்பதால் தனியாருடன் ஒப்பிட்டால் செலவு குறைவு, இடங்களும் குறைவு. எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும், என்ன வயது என்பதை அந்த ஆண்டு அறிவிப்பிலேயே பாருங்கள், யார் வாய்மொழியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்கூட. அது கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு புனே, கொல்கத்தா நுழைவுத்தேர்வு எழுதலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். சேர முடியாமல் போனாலும் கையில் ஒரு பட்டம் மிஞ்சும். விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். அதில் ஒலி என்பது பல பாடங்களில் ஒன்றாக வந்து போகும், தம்பிக்கு அது போதாது.

ஒரு வருடத்துக்குப் பல லட்சம் என்று சொல்லும் தனியார் சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோக்களில் நல்லவையும் இருக்கின்றன. நகையை அடகு வைத்துச் சேர்ப்பதற்கு முன் நேரில் போய், ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரிடம் பேச வேண்டும், நம்பர் கொடுங்கள் என்றும் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை என்றால் எல்லாருக்கும் இசையமைப்பாளர்தான் ஞாபகம் வருகிறது. அந்த நாற்காலி ஒன்றுதான், அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள் நிறைய. தாளத்தையும் வாத்தியங்களையும் கம்ப்யூட்டரில் அடுக்கிக் கொடுக்கும் புரோகிராமர், வசனம் சுத்தம் செய்கிறவர், நடிகரின் காலடிச் சத்தத்தையும் புடவைச் சரசரப்பையும் மறுபடி உண்டாக்கும் ஃபோலி கலைஞர், படப்பிடிப்பிலேயே ஒலி பதிகிறவர், மேடை நிகழ்ச்சிகளுக்கு மிக்ஸிங் செய்கிறவர். என்னைக் கேட்டால் தம்பியின் கைப்பழக்கத்துக்கு மிக நெருங்கியது வீடியோ கேம்களுக்கு ஒலி அமைப்பது. ஒரு கதவு திறக்கும் சத்தத்துக்கே பத்துத் துண்டு வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கேட்கக் கூடாது என்பதற்காக. அவற்றை வெட்டி, பெயரிட்டு, எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்களில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். பெயரிட்டு என்று சொல்லும்போது ஞாபகம் வருகிறது, தம்பியின் டேப்பில் பாதிக் கோப்புகள் ‘புதுசு1’, ‘புதுசு புதுசு2’ என்று இருந்தன. ‘தறி_ஒற்றைஅடி_128’ என்று எழுதப் பழகட்டும். வேலைக்கு எடுப்பவர்கள் கோப்பு வரிசையைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள்.

மாதச் சம்பளமா என்றால், இந்தத் துறையில் பெரும்பாலும் வேலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான். ஆரம்ப வருடங்களில் காசு தாமதமாக வரும், சில நேரம் வராது. உங்கள் குடும்ப நிலையில் அது பெரிய விஷயம், அதை மறைக்க மாட்டேன். கையில் ஒரு பட்டம் இருக்கட்டும் என்று நான் அடித்துச் சொல்வதே அதனால்தான்.

பாட்டுகளை வெட்டுவது பற்றி ஒன்று. தம்பி பழைய சினிமாப் பாட்டிலிருந்து வயலின் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டிருந்தான், “மூணு செகண்டுதானுங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றான். மூன்று நொடி, ஏழு நொடி என்று எந்தக் கணக்கும் சட்டத்தில் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாடலின் மெட்டுக்குத் தனி உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு. வீட்டில் கற்றுக்கொள்ள வெட்டிப் பார்ப்பது வேறு, யூடியூபில் தன் பெயரில் ஏற்றுவது வேறு. வாசித்துக் காட்டுகிற கலைஞனுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. மாரியம்மன் பண்டிகையில் பம்பையும் உறுமியும் அடிக்கிறவர்களைப் பதிந்தால், முதலில் கேட்டுவிட்டுப் பதியட்டும், பாட்டோடு அவர்கள் பெயரையும் போடட்டும், காசு வந்தால் பங்கு கொடுக்கட்டும். 1969-இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் டிரம்மர் கிரிகோரி கோல்மன் வாசித்த சுமார் ஏழு நொடித் துண்டை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கோல்மன் 2006-இல் வீடு வாசல் இல்லாமல் இறந்தார், அந்தத் துண்டுக்காக ஒரு காசுகூட அவர் கைக்கு வரவில்லை. தம்பிக்கு அந்தத் தாளம் நன்றாகத் தெரியும். வாசித்தவர் கதை தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வாங்கித் தர வேண்டியவை அதிகமில்லை. ஐபேட் கேட்பான், இசை ஆப்கள் அதில்தான் நிறைய, உண்மைதான். ஆனால் இப்போதைக்கு இருக்கிற டேப் போதும். புளூடூத் இயர்போனில் தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையில் தாமதம் வரும், தாளம் தட்டப் பழகுகிறவனுக்கு அது கெடுதல். ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று மட்டும் வாங்கிக் கொடுங்கள். சத்தம் அளவோடு இருக்கட்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பட்டறையில் பதிவு செய்யப் போகும்போது காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளட்டும். அவன் அப்பாவிடம் அன்றைக்குப் போனில் நான் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

தாளம் முறையாகத் தெரிந்தால் வெட்டும் கை இன்னும் தேறும். ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, தவிலும் மிருதங்கமும் சொல்லித் தருகிறார்கள். பள்ளிக்கூட நேரத்தோடு ஒத்து வருமா என்று விசாரியுங்கள். ஒத்து வராவிட்டால் பக்கத்தில் தவில் வாசிப்பவர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வரட்டும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம், ஐந்து ஐந்தாக எண்ணும் கண்டம் கையில் ஏறிவிட்டால் ஆப்பில் நாலு நாலாகவே தட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் தானாக விடும்.

நேரம் பற்றி ஒரு ஏற்பாடு செய்வோம். பள்ளிக்கூட நாளில் இரவு ஒன்பதுக்கு மேல் டேப் உங்கள் அறையில். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அவனுடையது, அந்த ஒரு மணியில் ‘என்ன செய்கிறாய்’ என்று நீங்கள் கேட்கக் கூடாது. முழுப்பரீட்சை முடிவதற்குள் அவன் மூன்று துண்டு முடித்துக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், எல்லாச் சத்தமும் அவனே பதிந்ததாக இருக்க வேண்டும். அவனிடம் தொடங்கிய பாட்டு நாற்பது இருக்கிறது, முடித்தது ஒன்றுகூட இல்லை. நான் கண்ட ஒரே பெரிய குறை அதுதான். மூன்றையும் முடித்துவிட்டால் தரமணி விண்ணப்பத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். முடிக்காவிட்டால் பி.எஸ்சி. இயற்பியல் வழியை மட்டும் பேசுவோம், அதிலும் நஷ்டமில்லை.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், அவன் அப்பாவையும் அழைத்து வாருங்கள். டேப்பில் முழுச் சார்ஜ் இருக்கட்டும். போன தடவை தறிச்சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது, மீதியை நான் இன்னும் கேட்கவில்லை.